திருவனந்தபுரம் மியூசியங்களை ஒரே பகலில் அலுப்பில்லாமல் பார்த்துத் திரும்ப: குமரி மாவட்டப் பென்ஷன்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருக்கும் நமக்குத் திருவனந்தபுரம் புதிய ஊர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம், ஏர்போர்ட்டில் பிள்ளைகளை வழியனுப்பியிருப்போம், சாலைக் கடைத்தெருவில் ஜவுளியும் பாத்திரமும் வாங்கியிருப்போம். மியூசியம் பார்ப்பதற்கென்றே போனவர்கள் குறைவு. வேலையில் இருந்த காலத்தில் நேரம் கிடைக்கவில்லை. இப்போது நேரம் இருக்கிறது, கால்தான் முன்போல் ஒத்துழைப்பதில்லை.

நானும் மனைவியும் இந்தப் பயணத்தில் பட்ட அலைச்சலுக்குத் தூரம் காரணமில்லை. கிழமை, திறக்கும் நேரம், வண்டி, காலணி என்று எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு பகலுக்கு இரண்டு இடம், அதற்கு மேல் வேண்டாம். காலையில் கிழக்கே கோட்டை என்ற பகுதியில் உள்ள குதிரை மாளிகை, மதியத்தை ஒட்டி நேப்பியர் மியூசியம் இருக்கும் மியூசியம் வளாகம். மிருகக்காட்சி சாலை, வேளி, கோவளம் எல்லாவற்றையும் அதே நாளில் சேர்க்க வேண்டும் என்று கூட வருபவர்கள் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள்.

1. டிக்கெட்டுக்கு முன்னால் கிழமையைப் பாருங்கள்

பலரும் ஏமாறுவது இங்கேதான். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கன்னியாகுமரி காந்தி மண்டபம் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகமும் அப்படித்தான். கேரளத்தில் திங்கட்கிழமை விடுமுறை. நேப்பியர் மியூசியம், அதே வளாகத்து ஓவியக்கூடங்கள், குதிரை மாளிகை எல்லாமே திங்களன்று மூடியிருக்கும்.

நம் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கும் (அரண்மனைக்கும்) திங்கள்தான் விடுமுறை. நிலம் தமிழ்நாட்டில் இருந்தாலும் கொட்டாரத்தைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை.

இன்னொன்று, நேப்பியர் மியூசியம் புதன்கிழமை முற்பகலில் திறக்காது. மதியம் 1 மணிக்குத்தான் கதவு திறக்கும். மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 4.45 வரை. புதனன்று போவதானால் காலையைக் கோட்டையில் செலவழித்து, சாப்பிட்டுவிட்டு மியூசியத்துக்குப் போகலாம். நம்மைப்போல் அவசரமில்லாதவர்களுக்கு அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

குடியரசு தினம், சுதந்திர தினம், திருவோணம், மகாநவமி ஆகிய நாட்களிலும் மியூசியம் கிடையாது. ஓணம் நம் பள்ளிக்கூடங்களுக்கும் உள்ளூர் விடுமுறை என்பதால் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அன்று கிளம்பத் தோன்றும். அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

காலண்டரில் இன்னும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்தில் வரும் ஆற்றுக்கால் பொங்காலை அன்று நகரத்துச் சாலைகள் முழுக்க அடுப்பாக இருக்கும், வண்டி நகராது. கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக் கூட்டம், ரயிலிலும் கோட்டைப் பக்கமும் நெரிசல் அதிகம். அப்புறம் ஹர்த்தால், அதாவது முழு அடைப்பு. முந்தின நாள் இரவு செய்தியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹர்த்தால் என்றால் நம் பஸ் எல்லையில் உள்ள களியக்காவிளையோடு நின்றுவிடும்.

எனக்குப் பிடித்த நாட்கள் செவ்வாயும் வியாழனும். ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

2. பையில் என்னென்ன

ஆதார் அட்டை, அல்லது வேறு ஏதாவது ஒரு அடையாள அட்டை. நுழைவாயிலில் அதைக் கேட்பது அபூர்வம். ஆனால் விலைப் பலகையில் மூத்த குடிமக்களுக்குச் சலுகை என்று போட்டிருந்தால் வயதைக் காட்ட ஏதாவது வேண்டும். பலகையை முழுக்கப் படித்துவிட்டுப் பணத்தை நீட்டுங்கள். பென்ஷன் புத்தகம் இங்கே எதற்கும் உதவாது, வீட்டிலேயே இருக்கட்டும்.

ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. அதைக் கேட்டுக் கவுண்ட்டரில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மகளிருக்கு இன்னொரு விஷயம். நம் டவுன் பஸ்களில் இலவசமாகப் போய்ப் பழகியிருப்பீர்கள். எல்லை தாண்டிவிட்டால் கேரள பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய்.

சில்லறை கட்டாயம் வேண்டும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனில் பணம் அனுப்பலாம் என்றாலும், சிக்னல் இல்லாத நேரத்தில் பின்னால் வரிசை நிற்க நாம் போனைத் தட்டிக்கொண்டிருப்பது சங்கடம்.

மதிய மாத்திரை, தண்ணீர், சுகர் உள்ளவர்களுக்கு இரண்டு பிஸ்கட், ஒரு குடை. ஜூனிலும் அக்டோபரிலும் குடை இல்லாமல் இறங்கவே கூடாது.

காலணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குதிரை மாளிகையிலும் பத்மநாபபுரத்திலும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். குனிந்து வார் மாட்டும் செருப்பும் லேஸ் ஷூவும் முதுகுவலிக்காரர்களுக்குத் தண்டனை. சும்மா காலை நுழைத்துக்கொள்ளும் செருப்பே போதும். வெறுங்காலுக்குக் கூசுகிறதென்று சிலர் சாக்ஸைக் கழற்றாமலேயே உள்ளே போகிறார்கள். அந்தத் தரைகள் கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும், சாக்ஸ் வழுக்கிவிடும். மரப்படியில் வழுக்கினால் என்ன ஆகும் என்று நம் வயதில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெறுங்காலோடு நடப்பதுதான் பத்திரம்.

3. ரயிலா, பஸ்ஸா, காரா?

என் ஓட்டு ரயிலுக்கு. நாகர்கோவில் ஜங்ஷன், இரணியல், குழித்துறை என்று ஏறும் இடம் எதுவானாலும், நேரே திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கலாம். நாகர்கோவிலிலிருந்தே சுமார் 70 கிலோமீட்டர்தான். பாசஞ்சருக்கும் சாதாரண எக்ஸ்பிரஸ் முன்பதிவில்லாப் பெட்டிக்கும் 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கழிப்பறை இருக்கிறது என்பதும் நம் வயதில் பெரிய காரணம்.

டிக்கெட்டில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம். சூப்பர்பாஸ்ட் என்றால் அதற்கு மேல் தனிக் கட்டணம். முன்பதிவில்லா டிக்கெட் எடுத்தால், இந்தத் தூரத்துக்கு 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். அதனால் திரும்பி வருவதற்கான தனி டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

காலை ரயில்களில் பாறசாலை தாண்டியதும் ஆபீஸ் போகிறவர்கள் கூட்டம் ஏறும். உட்கார இடம் வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னதாகப் புறப்படும் வண்டியைப் பிடியுங்கள். மார்த்தாண்டம்காரர்கள் குழித்துறையில் ஏறுவதால் நாகர்கோவில்காரர்களைவிட நமக்கு இடம் கிடைப்பது கடினம்.

பஸ் என்றால் நாகர்கோவில் வடசேரியிலிருந்து இரண்டு மாநில பஸ்களும் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகின்றன. மார்த்தாண்டத்தில் காத்திருக்கவே வேண்டாம், ஒன்று போனால் இன்னொன்று வரும். ஆனால் நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் நெரிசலில் மாட்டினால் நேரம் கணக்கில்லாமல் போய்விடும். அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கிவிடும்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் பேரம் பேசும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "கேரள பெர்மிட் இதில் சேர்ந்ததா?" நாங்கள் ஒருமுறை அழைத்துப்போன வண்டிக்காரர் களியக்காவிளைக்கு வந்தபிறகுதான் பெர்மிட் பணம் தனி என்றார். நடுவழியில் என்ன பேச முடியும், கொடுத்தோம். மஞ்சள் போர்டு வண்டி மாநிலம் தாண்டினால் அந்தச் செலவு உண்டு. அதை யார் தருவது என்று வீட்டு வாசலிலேயே பேசிவிட வேண்டும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டப்படி தவறு. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல். சொந்தக் காருக்குப் பெர்மிட் தொல்லை இல்லை, நிறுத்த இடம் தேடுவதுதான் தொல்லை.

4. காலையில் கிழக்கே கோட்டை

சென்ட்ரலில் இறங்கியதும் எல்லோரும் தம்பானூர் பக்கம் வெளியே போவார்கள். கோட்டைக்குப் போக பவர் ஹவுஸ் ரோடு பக்கத்து வாசல் வசதி. பாலம் ஏற லிப்ட், எஸ்கலேட்டர் உண்டு. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுதான், ஆனாலும் ஆட்டோவில் போங்கள். நடைக்கான தெம்பை உள்ளே செலவழிக்கலாம். இந்த ஊரில் ஆட்டோ மீட்டர் போட்டு ஓடும். 2022-இல் திருத்திய கட்டணப்படி முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 15. மீட்டர் போடச் சொல்லத் தயங்க வேண்டாம். ரயில் நிலையத்தில் முன்பணக் கவுண்ட்டரும் இருக்கிறது.

பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்திலேயே குதிரை மாளிகை. புத்தன் மாளிகை என்றும் சொல்வார்கள். காலை 8.30 முதல் 1 மணி வரை, மறுபடி 3 முதல் 5.30 வரை. மதியம் அடைத்துவிடுகிறார்கள் என்பதால்தான் இதை முதலில் வைத்தேன். மாடிப்படியும் இங்கேதான், கால் புதிதாக இருக்கும்போதே ஏறிவிடுவது நல்லது. கேமராவும் செல்போனும் உள்ளே பயன்படுத்தக் கூடாது.

உள்ளே வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார். தமிழில் சொல்லச் சொல்லுங்கள், சொல்வார்கள். கூட்டத்தோடு விரைந்து போகாமல் கடைசி ஆளாக நடந்தால் நின்று பார்க்க நேரம் கிடைக்கும். கூரைத் தாங்கிகளில் வரிசையாகச் செதுக்கிய மரக் குதிரைகள் 122. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும், அதனால் முற்றத்துக்குத் தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து முழு வரிசையும் கண்ணுக்குள் வரும். யானைத் தந்தச் சிம்மாசனம், படிகச் சிம்மாசனம், ஆளுயரக் கதகளிப் பொம்மைகள் எல்லாம் உள்ளே. கீர்த்தனைகள் இயற்றிய மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய மாளிகை என்பதால் சங்கீதப் பிரியர்களுக்கு இங்கே நிற்பதே ஒரு நிறைவு.

வெளியே வந்தபின் மேத்தன் மணி என்ற பழைய கடிகாரத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். கோயிலுக்கு எதிரே, சுவரில் தாடி வைத்த ஒரு முகம், இரண்டு பக்கமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது அந்த முகம் வாயைத் திறக்க, ஆடுகள் இரண்டும் வந்து கன்னத்தில் முட்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறைதான் என்பதால், 10 மணி அடிக்கும்போது கீழே நிற்கும்படி மாளிகையிலிருந்து இறங்கினால் கணக்காக இருக்கும். பேரப்பிள்ளைகளைவிட நாம்தான் வாயைப் பிளந்து பார்ப்போம்.

கோயிலுக்குள்ளும் போகலாமே என்று தோன்றும். ஆண்களுக்கு வேட்டி, மேல்சட்டை கூடாது. பெண்களுக்குச் சேலை, அல்லது சுடிதார் மேல் முண்டு. செல்போனையும் சட்டையையும் ஒப்படைத்து வரிசையில் நின்று வெளியே வரும்போது முற்பகல் முடிந்திருக்கும். கோயிலுக்குத் தனியாக ஒரு நாள் வாருங்கள்.

5. நடுவில் தம்பானூரில் ஒரு காபி

தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் செங்கல் நிறத்தில் சுருண்டு ஏறும் ஒரு கட்டடம் இருக்கிறது, லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படியே கிடையாது. சரிவாக ஏறிக்கொண்டே போகும் பாதை, அதன் ஓரமாகக் கட்டிவைத்த மேசையும் திண்ணையும். விசிறித் தலைப்பாகை கட்டிய பணியாளர்கள் அந்தச் சரிவில் தட்டோடு ஏறி இறங்குவார்கள். மூட்டு வலிப்பவர்கள் கீழேயே முதல் மேசையில் உட்கார்ந்துவிடுங்கள். மசால் தோசைக்குள் பீட்ரூட் சேர்த்திருப்பார்கள், சிவப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். மாத்திரை போடவேண்டியவர்கள் இங்கேயே போட்டுக்கொண்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்து எழுந்திருங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கட்டடமும் பார்க்கவேண்டிய இடம்தான்.

6. மியூசியம் வளாகம்: எதை முதலில் பார்ப்பது

கோட்டைப் பக்கமிருந்து சுமார் 4 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எழுபது ரூபாய் அளவில் ஆகும். பாளையம் வழியாகப் போகும் பஸ்கள் நிறைய, "மியூசியம்" என்று கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள்.

டிக்கெட் கவுண்ட்டரில் நிதானம் வேண்டும். மிருகக்காட்சி சாலைக்கு டிக்கெட் தனி. கூட்டமெல்லாம் அந்த வரிசையில்தான் நிற்கும். அதில் போய் நின்றுவிடாதீர்கள். எந்தெந்தக் கட்டடத்துக்கு எந்த டிக்கெட் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய சீட்டை எறியாமல் சட்டைப்பையில் வையுங்கள், ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள்.

முதலில் நேப்பியர் மியூசியம். ராபர்ட் சிஸோம் வடிவமைத்து 1880-இல் கட்டி முடித்த கட்டடம். வெளிச்சுவரின் வண்ணக் கோடுகளையும் கூரையையும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ஏ.சி. கிடையாது, ஆனாலும் உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி தெரியும். காற்று தானாக வந்துபோகும்படி கட்டியிருக்கிறார்கள். வெண்கலச் சிலைகளும் தந்த வேலைப்பாடும் மரத்தேரும் இங்கே உண்டு. சிலைகளுக்கு முன்னால் அவசரப்படாதீர்கள். ஒரு நடராஜரின் விரல் நுனியையும் பீடத்தின் விளிம்பையும் பார்க்கவே தனி நேரம் வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. பத்துச் சிலைகளை ஒழுங்காகப் பார்த்தால் அதுவே நிறைவு.

அடுத்து ஓவியங்கள். 1935-இல் தொடங்கிய ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடமும், 2023-இல் திறந்த ராஜா ரவி வர்மா ஓவியக்கூடமும் இதே வளாகத்தில் இருக்கின்றன. கால் தளர்ந்துவிட்டால் ரவி வர்மாவை மட்டும் பாருங்கள். காலண்டர்களிலும் தீப்பெட்டிகளிலும் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய முகங்களின் அசல் ஓவியங்கள் இங்கே இருக்கின்றன. அன்னத்தோடு பேசும் தமயந்தி, காலில் முள் குத்தியதுபோல் நின்று திரும்பிப் பார்க்கும் சகுந்தலை. அச்சுப் படத்தில் தெரியாத புடவைக் கரையின் ஜரிகை மினுக்கு, அசல் ஓவியத்தின் முன் நின்றால்தான் தெரியும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் படிக்கும் கண்ணாடியை மறக்காதீர்கள், கீழே ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு சின்ன எழுத்து. படம் எடுக்க அனுமதி இல்லை.

இன்னும் தெம்பு இருந்தால், சாலையைக் கடந்து பார்க் வியூவில் 'கேரளம்' என்ற வரலாற்று அருங்காட்சியகம். கற்காலக் கருவிகள், சிற்பங்கள், நாணயங்கள் என்று கச்சிதமாக அடுக்கியிருக்கிறார்கள், கூட்டமும் குறைவு. சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டிகள் வேகமாக வரும், போலீஸ்காரர் நிற்கும் பக்கமாகவே கடவுங்கள்.

7. முழங்கால் தொல்லை உள்ளவர்கள் கவனத்துக்கு

அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்தில் பத்மநாபபுரம் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். தூரத்தைப் பார்த்தால் அது சரி. ஆனால் ஏறி இறங்குவதில் பத்மநாபபுரம்தான் கடினம். மரப்படிகள் குறுகல், செங்குத்து. ஒரு வாசலில் நுழைந்தால் வரிசையாகச் சுற்றி மறுபக்கம்தான் வெளியே வரவேண்டும், நடுவில் திரும்புவது சிரமம். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்கு மியூசியம் வளாகம்தான் சௌகரியம்.

ஏற முடிந்தவர்கள் அதைத் தனி நாளாக வையுங்கள். காலை 9 முதல் 1, பிறகு 2 முதல் 4.30. ஒன்பது மணிக்கே போய்விட்டால் சுற்றுலா பஸ்கள் வருவதற்கு முன்னால் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் அபிரகத் தகடு பதித்த ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தைத் தள்ளுமுள்ளு இல்லாமல் பார்க்கலாம்.

8. செலவும் திரும்பும் நேரமும்

ரயில், ஆட்டோ, நுழைவுச்சீட்டுகள், காபி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 600 ரூபாய் எடுத்துவைத்தால் மிச்சம் வரும். இருவராகப் போனால் ஆட்டோ செலவு பாதியாகும். நுழைவுக் கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் நூறு ரூபாய் கூடுதலாகவே வையுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள மருமகனோ பேரனோ கூட வந்தால் வெளிநாட்டவர் கட்டணம் தனி. அது பல மடங்கு என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சாப்பாடு 12.30-க்கே முடித்துவிடுங்கள். 1 மணிக்கு மேல் ஆபீஸ்காரர்கள் வந்து ஓட்டல் நிறைந்துவிடும். சம்பா அரிசிச் சோறு நமக்குப் பழக்கம்தான், ஒத்துக்கொள்ளாதவர்கள் "பச்சரி" என்று கேட்டால் வெள்ளைச் சோறு தருவார்கள்.

மாலை 3.30-க்கு வளாகத்தை விட்டுக் கிளம்புங்கள். 5 மணிக்கு மேல் தலைமைச் செயலகமும் மற்ற ஆபீஸ்களும் விட்டுக் கூட்டம் மொத்தமும் ரயிலடிக்கு வரும், நிற்கக்கூட இடம் இருக்காது. அதற்கு முந்தைய வண்டியைத் தவறவிட்டால் அந்த நெரிசலில் ஏற வேண்டாம். காபி ஹவுஸில் மறுபடி உட்கார்ந்து, கூட்டம் வடிந்தபின் இரவு வண்டியில் வாருங்கள். டிக்கெட் கவுண்ட்டரில் மாலை வரிசை நீளம், பக்கத்தில் தானியங்கி இயந்திரங்கள் இருக்கின்றன. குழித்துறையில் இறங்குபவர்கள் குழித்துறை, குழித்துறை மேற்கு என்று இரண்டு நிலையங்கள் உண்டென்பதை மனதில் வையுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து வரும்போது மேற்குதான் முதலில் வரும், மார்த்தாண்டம் போகிறவர்கள் அதற்கு அடுத்ததில் இறங்க வேண்டும்.